யாருடைய ஆயுள் நீள்கிறது?

2024ஆம் ஆண்டின் இறுதியில் பிரையன் ஜான்சன் என்னும் அமெரிக்கக் கோடீஸ்வரர் இந்தியாவுக்கு வந்திருந்தார். தமது பணப்பரிமாற்ற மென்பொருள் நிறுவனத்தை 2013இல் 80 கோடி டாலருக்கு விற்றவர்; முதுமையைத் தடுத்து நிறுத்திக் காட்டுவதாகச் சொல்லித் தம் உடம்பின் மீது ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் செலவிடுபவர். 'சாகாதே' என்பதே அவருடைய முழக்கம். மும்பையில் பங்குத்தரகு முதலாளி நிகில் காமத்துடன் நடந்த உரையாடல் பதிவின் நடுவில் அவர் எழுந்து வெளியேறிவிட்டார். அறைக்குள் இருந்த காற்றே கேடாக இருக்கிறது, தோலில் தடிப்பு வந்துவிட்டது, கண்ணும் தொண்டையும் எரிகின்றன என்று பின்னர் காரணம் கூறினார். 2025 பிப்ரவரியில் இச்செய்தி பரவியபோது சிலர் அதை நாட்டுக்கு நேர்ந்த அவமானமாகக் கருதிக் கொதித்தார்கள். சிலர் கேலி பேசிக் கடந்து போனார்கள்.

அவர் சொன்னதில் பிழை ஏதுமில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுக்குள் காற்று தூய்மையாக இருக்குமானால் சராசரி இந்தியர் 3.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்வார். தலைநகர் தில்லியில் வாழ்பவர் 8 ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாக வாழ்வார். ஒன்றிய அரசோ, காற்று மாசினால் மட்டுமே மரணம் நேர்ந்தது என நிறுவுவதற்கு முடிவான தரவு இல்லை என்று நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கூறி வருகிறது. கோடீஸ்வரர் எழுந்து போய்விட்டார். சாலைச் சந்திப்பில் நாள் முழுதும் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், மேம்பாலத்தின் கீழ் உறங்கும் கட்டுமானத் தொழிலாளியும் எங்கே எழுந்து போவது?

இந்திய முதலாளிகளும் இந்த வேட்கைக்கு வெளியே இல்லை. சொமாட்டோவின் நிறுவனர் தீபிந்தர் கோயல், மனிதர் நீண்ட காலம் நலமாக வாழ்வதற்கான ஆய்வுகளுக்கென 2.5 கோடி டாலர் சொந்தப் பணத்தை ஒதுக்குவதாக 2025இல் அறிவித்தார். புவியீர்ப்பு மூளைக்குச் செல்லும் குருதியைக் குறைப்பதே முதுமைக்குக் காரணம் என்றொரு கருதுகோளையும் முன்வைத்தார். அதே ஆண்டின் டிசம்பர் 25, 31 ஆகிய நாட்களில் அவருடைய நிறுவனம் உள்ளிட்ட விநியோக நிறுவனங்களின் தொழிலாளர்கள், பத்து நிமிடத்தில் பொருள் கொண்டு சேர்க்கும் நிபந்தனையைக் கைவிடக் கோரி வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளியின் கவலை மூளைக்கு ஏறும் குருதியைப் பற்றியது. தொழிலாளியின் கவலை அடுத்த சிக்னலை உயிரோடு கடப்பதைப் பற்றியது.

இத்தகைய முரண்களைச் சுட்டிக்காட்டி, 'இது பணக்காரர்களின் பித்து' என்று முடித்துவிடுவது எளிது. இடதுசாரி மேடைகளிலும் அப்படிப் பேசப்படுவதுண்டு. அது போதாது. மனிதர் தம் ஆயுளைப் பெரிதும் நீட்டிக்க விரும்ப வேண்டுமா என்பது முதலாளிகளின் கேலிக்கூத்துகளோடு தீர்ந்துபோகிற கேள்வி அல்ல.

மரணத்தைப் போற்றுவது யாருடைய தத்துவம்?

'பிறந்தவர் இறந்தே தீர வேண்டும், அளவோடு வாழ்வதே அழகு, இயற்கையின் நியதியை மீறலாகாது' என்னும் வாதம் காதுக்கு இனிமையானது. ஞானம் போலவும் ஒலிக்கும். ஆனால் அது நூற்றாண்டுகளாக யாருக்குப் போதிக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைத் தாயிடம் விதி என்றார்கள். காசநோயில் மாண்ட நெசவாளியின் குடும்பத்திடம் வினைப்பயன் என்றார்கள். அரண்மனைகள் மட்டும் எக்காலத்திலும் வைத்தியர்களை வைத்திருந்தன. மரணத்துக்குப் பணிந்து போகும் மனநிலை, வாழ்வில் பணிந்து போகும் மனநிலையோடு சேர்த்தே வளர்க்கப்பட்டது. பொருள்முதல்வாதிக்கு மறுபிறவி கிடையாது. இருப்பது இந்த ஒரு வாழ்வுதான். அதை மேலும் சில பத்தாண்டுகள் நலத்துடன் வாழ வழி உண்டென்றால், அதை மறுக்க அவரிடம் காரணம் ஏதுமில்லை.

இயற்கை ஏதோ ஒரு நோக்கத்தோடு முதுமையை ஏற்படுத்தி வைத்திருக்கிறது என்பதும் அறிவியலுக்கு ஒத்ததன்று. இதை முதலில் கூர்மையாகக் கண்டவர்களில் ஒருவர் மார்க்சிய உயிரியலாளரான ஜே.பி.எஸ். ஹால்டேன். பிரிட்டனிலிருந்து 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தவர். ஹண்டிங்டன் நோய் என்னும் கொடிய நரம்பு நோய் ஏன் பரம்பரையிலிருந்து ஒழிந்து போகவில்லை என்று அவர் 1941இல் கேட்டார். அந்நோய் பெரும்பாலும் நடுவயதில், பிள்ளைகள் பிறந்த பிறகே தாக்குகிறது. ஆகவே இயற்கைத் தேர்வின் கை அதை எட்டுவதில்லை என்பது அவர் கண்ட விடை. பீட்டர் மெடவர் இதை 1950களில் விரித்து முதுமை பற்றிய பொதுக் கோட்பாடாக்கினார். இனப்பெருக்க வயதைக் கடந்த உடலைக் காப்பதில் இயற்கைத் தேர்வுக்கு வலு குறைவு. அங்கே பழுதுகள் சேர்கின்றன. முதுமை என்பது இயற்கையின் ஞானம் அல்ல, அதன் கவனக்குறைவு.

கவனக்குறைவைத் திருத்த முடியுமா? 1993இல் சிந்தியா கென்யன் ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம் ஒரு சிறு உருளைப்புழுவகையின் ஆயுளை இருமடங்காக்குவதைக் காட்டினார். முதிர்ந்த உயிரணுக்களை இளநிலைக்குத் திருப்பும் வழியைக் கண்ட ஷின்யா யமனாக்கா 2012இல் நோபல் பரிசு பெற்றார். இவை மோசடிகள் அல்ல. ஆனால் புழுவிலும் எலியிலும் நிகழ்வது மனிதரிலும் நிகழும் என்பதற்கு உறுதி கிடையாது. 1997இல் தமது 122ஆம் வயதில் இறந்த பிரான்சின் ழான் கல்மான் அம்மையாரின் வயதை இன்றுவரை வேறெவரும் எட்டவில்லை.

மாஸ்கோவின் குருதி, டெக்சாஸின் குருதி

நீண்ட ஆயுளை விரும்பியவர்களின் வரிசையில் ஒரு போல்ஷ்விக்கும் உண்டு. மருத்துவரும் தத்துவவாதியும் புதின எழுத்தாளருமான அலெக்சாந்தர் பொக்தானோவை, லெனின் தத்துவத் தளத்தில் கடுமையாக எதிர்த்து 1909இல் ஒரு நூலே எழுதினார். அதற்கு ஓராண்டு முன் வெளிவந்த பொக்தானோவின் 'செவ்விண்மீன்' புதினத்தில், செவ்வாய்க் கோளில் ஒரு பொதுவுடைமைச் சமுதாயம் இருக்கிறது. அங்கே மக்கள் ஒருவருக்கொருவர் குருதியைப் பரிமாறிக்கொண்டு இளமையை நீட்டித்துக்கொள்கிறார்கள். பொக்தானோவ் அதைக் கற்பனையோடு விடவில்லை. 1926இல் மாஸ்கோவில் குருதியேற்றலுக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். சோதனைகளில் தம் உடலையே முன்வைத்தார். 1928இல், மலேரியாவும் காசநோயும் கண்டிருந்த ஒரு மாணவரோடு குருதி பரிமாறிக்கொண்ட பின் நோயுற்று மாண்டார். அந்த மாணவர் பிழைத்துக்கொண்டார்.

பொக்தானோவின் அறிவியலில் ஓட்டைகள் இருந்தன. குருதியைப் பரிமாறினால் இளமை திரும்பும் என்பது தவறான நம்பிக்கையே. ஆயினும் அவருடைய சோதனையில் குருதி இரு திசையிலும் ஓடியது. நோயாளியான இளைஞரும் பெற்றார், மூத்தவரும் பெற்றார். அந்த நிறுவனம் பின்னாளில் சோவியத் மக்களுக்கான குருதிச் சேவையின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 2023இல், அதே பிரையன் ஜான்சன் டெக்சாஸ் மாநிலத்தின் மருத்துவமனை ஒன்றில் தம் 17 வயது மகனின் குருதிநீரைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மாதங்களுக்குப் பின் பயன் ஒன்றும் தெரியவில்லை என்று அவரே அறிவித்துக் கைவிட்டார். இதற்கு முன்பே, இளைஞர்களின் குருதிநீரை ஒரு லிட்டர் 8,000 டாலருக்கு விற்க ஒரு நிறுவனம் கிளம்பி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் எச்சரித்த பிறகே அடங்கியது. 1920களில் பாரிசில் செர்ஜ் வொரொனோஃப் என்பவர் குரங்கின் விதைச் சுரப்பித் துண்டுகளைச் செல்வந்தர்களுக்கு ஒட்டவைத்துப் பெரும்பொருள் ஈட்டிய வரலாறும் உண்டு. முதலாளித்துவத்தில் சாவின் அச்சமும் ஒரு சந்தைதான்.

லிவர்பூலிலிருந்து கோத்ரா வரை

1845இல், தமது 24ஆம் வயதில், எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றி எழுதிய நூலில் ஒரு கணக்கை எடுத்துக்காட்டுகிறார். 1840இல் லிவர்பூல் நகரில் மேட்டுக்குடியினரின் சராசரி இறப்பு வயது 35. வணிகர்கள், நல்ல நிலையிலுள்ள கைவினைஞர்களுக்கு 22. கூலித் தொழிலாளர்களுக்கு 15. குழந்தை மரணங்கள் சேர்ந்த சராசரி இது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் அந்த மரணங்கள் எந்தத் தெருக்களில் மிகுதியாக நிகழ்ந்தன என்பதுதான் செய்தி. வாழ முடியாத சூழலில் ஆயிரக்கணக்கானோரை வைத்துவிட்டு அவர்கள் மாள்வதை அனுமதிக்கும் சமுதாயத்தின் செயலை எங்கெல்ஸ் சமூகக் கொலை என்றே அழைத்தார்.

இந்தியர்களின் சராசரி ஆயுள் விடுதலையின்போது சுமார் 32 ஆண்டு, இன்று 70. அன்றைய மக்கள் எல்லோரும் 32 வயதில் இறந்தார்கள் என்பதல்ல இதன் பொருள். பிஞ்சிலேயே மடிந்த குழந்தைகளும் பேற்றில் மடிந்த பெண்களும் அந்தச் சராசரியைக் கீழே இழுத்தார்கள். தடுப்பூசி, குடிநீர், பெண்கல்வி, அம்மை ஒழிப்பு, மலேரியாக் கட்டுப்பாடு, ரேஷன் அரிசி ஆகியவைதாம் இந்த 38 ஆண்டுகளைத் தந்தன. இவற்றில் எதுவும் ஆயுள்நீட்சி நிறுவனம் ஒன்றின் கண்டுபிடிப்பு அல்ல. இந்த ஏற்றம் எல்லா இடத்திலும் சமமாகவும் இல்லை. 2016-20 காலக் கணக்கில் கேரளத்தில் ஆயுள் 75, சத்தீஸ்கரில் 65. கேரளத்தின் நிலச்சீர்திருத்தமும் பொதுச் சுகாதாரமும் எந்த அரசியலின் விளைவு என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சாதியும் ஆயுளை வெட்டுகிறது. ஒன்பது மாநிலங்களில் 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளின் ஆயுள் 4 ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளின் ஆயுள் 3 ஆண்டுகளுக்கு மேலும், முஸ்லிம்களின் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டும் குறைவு எனக் கண்டது. வறுமையைக் கொண்டு மட்டும் இந்த இடைவெளியை விளக்க முடியவில்லை. பாதிக்கும் குறைவாகவே விளக்க முடிந்தது. மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. அதன் பிறகும், 2019 முதல் 2023 வரை மட்டும் கழிவுநீர்க் குழாய்களிலும் மலத்தொட்டிகளிலும் 377 பேர் இறந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

குஜராத்தின் கோத்ரா பகுதியில் படிகக் கல்லை அரைத்துத் தூளாக்கும் ஆலைகள் உண்டு. அவற்றில் வேலை பார்க்க மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து ஆதிவாசிகள் சென்றார்கள். கல்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயோடு திரும்பினார்கள். அந்நோய்க்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. ஆனால் தடுப்பது கடினமே அல்ல. தூளை நீர் தெளித்து அடக்குவதும் உறிஞ்சி இழுப்பதும் உலகறிந்த தொழில்நுட்பங்கள். அந்தச் செலவு லாபத்தில் குறையும் என்பதால் செய்யப்படவில்லை. 238 பேரின் மரணத்துக்குத் தலா 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2016இல் குஜராத் அரசுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. உழைப்புச் சக்தியின் ஆயுள் எவ்வளவு என்று மூலதனம் கேட்பதில்லை, ஒரு வேலைநாளில் அதிலிருந்து எவ்வளவு கறக்கலாம் என்றே கேட்கிறது என மார்க்ஸ் விளக்கியதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

ஆயுளை நீட்டிக்கும் மருந்து ஒன்று ஜார்க்கண்டில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2019 முதல் 2022 வரை நான்கு மாவட்டங்களில் 2,800 காசநோயாளிகளின் வீடுகளில் அந்த ஆய்வு நடந்தது. நோயாளிகள் அனைவருக்கும் வழக்கமான மாத்திரைகளோடு மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பை தரப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கிடைத்தன. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் தொற்றி வளர்வது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடையே இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவாக இருந்தது. மங்களூரு மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய இந்த ஆய்வு 2023இல் 'லான்செட்' இதழ்க் குழுமத்தில் வெளிவந்தது. ஆண்டுதோறும் சுமார் 3 லட்சம் பேரைக் காசநோய்க்குப் பலிகொடுக்கும் நாட்டில், அரிசியும் பருப்பும் பால்பொடியும் எண்ணெயும் இவ்வளவு ஆற்றலுள்ள மருந்து என்பதை அறிய ஓர் ஆய்வு தேவைப்பட்டதே வெட்கக்கேடு. அறிந்த பின்னும் நோயாளிக்கு அரசு தரும் உதவி மாதம் 1,000 ரூபாய்தான். 2024 நவம்பர் வரை அது 500 ரூபாயாகவே இருந்தது.

'முதலில் பணக்காரருக்கு, பிறகு எல்லோருக்கும்'

ஆயுள்நீட்சி ஆதரவாளர்கள் ஒரு வாதத்தை வைக்கிறார்கள். அது உதறித் தள்ளத்தக்கதன்று. கைபேசியும் முதலில் செல்வந்தர் கையில்தான் இருந்தது, இன்று எல்லோரிடமும் இருக்கிறது. ஆயுள் மருந்தும் அப்படியே மலிவாகும் என்கிறார்கள்.

மருந்துகள் தாமாக மலிவாவதில்லை. ஒருவகை இரத்தப் புற்றுநோயாளிகளின் வாழ்வையே மாற்றிய 'கிளிவெக்' மருந்தை நோவார்டிஸ் நிறுவனம் மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய்க்கு விற்றது. இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை 8 ஆயிரம் முதல் 10 ஆயிரம் ரூபாய்க்குத் தந்தன. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை கோரும் தந்திரத்தைத் தடுக்கும் 3(டி) பிரிவு 2005ஆம் ஆண்டின் காப்புரிமைத் திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றதாலேயே இது இயன்றது. அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசை வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகள் தந்த அழுத்தம் அந்தப் பிரிவின் பின்னே இருந்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் நோவார்டிசின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. காசநோய் மருந்தான பெடாகுவிலின் மீது ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட காப்புரிமை நீட்டிப்பும் 2023 மார்ச்சில் மறுக்கப்பட்டது. அதற்கு மனுச் செய்தவர்கள் காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள். மருந்தின் ஆயுளை விடக் காப்புரிமையின் ஆயுளை நீட்டிப்பதில்தான் இந்த நிறுவனங்களுக்கு ஆர்வம் அதிகம்.

எந்த மருந்து ஆராயப்படும் என்பதையும் லாபமே முடிவு செய்கிறது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை இந்தியாவில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது முதுமையின் நோய்களைத் தள்ளிப்போடுமா என்று 3,000 முதியவர்களிடம் சோதித்துப் பார்க்க நியூயார்க்கின் நீர் பார்சிலாய் குழு பத்தாண்டுகளுக்கு முன்பே திட்டம் தீட்டியது. காப்புரிமை முடிந்துபோன மருந்தில் எவருக்கும் லாபம் இல்லை. ஆகவே நிதி திரட்டுவதிலேயே ஆண்டுகள் ஓடின. மறுபுறம், உயிரணுக்களை இளமையாக்கும் நோக்கத்தோடு 2022இல் தொடங்கிய ஆல்டோஸ் லேப்ஸ் நிறுவனத்துக்குத் தொடக்கத்திலேயே 300 கோடி டாலர் கிடைத்தது. மெட்ஃபார்மின் பலிக்காமலும் போகலாம். ஆனால் பலிக்குமா என்று பார்க்கவே ஆளில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

எனவே ஆய்வே வேண்டாம் என்பது இடதுசாரி நிலைப்பாடாக இருக்க முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2024இல் முதுமை குறித்த ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது நல்லதே. அத்தகைய ஆய்வுகள் தனியார் முதலீட்டாளர்களின் தயவில் நடக்க வேண்டியிருப்பதுதான் கேடு. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஆராய்ச்சிக்குச் செலவிடும் அரசு, முதுமை பற்றிய அறிவு யாருடைய சொத்தாக இருக்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது.

கூடிய ஆண்டுகள் யாருக்குச் சொந்தம்?

ஆயுள் நீண்டுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டுகளை யார் எடுத்துக்கொள்வார்கள்? பிரான்ஸ் இதற்கு ஒரு பாடம். மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், ஆகவே நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்று கூறி, 2023இல் மக்ரோன் அரசு ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தியது. நாடாளுமன்றத்தின் இறுதி வாக்கெடுப்பைத் தவிர்க்கும் அரசமைப்புப் பிரிவைப் பயன்படுத்திச் சட்டத்தை நிறைவேற்றியது. லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அந்த நாட்டின் புள்ளியியல் நிறுவனக் கணக்குப்படி, மிக வசதியான 5 விழுக்காட்டு ஆண்கள் மிக ஏழையான 5 விழுக்காட்டினரைவிட ஏறத்தாழ 13 ஆண்டுகள் அதிகம் வாழ்கிறார்கள். சராசரி ஆயுள் உயர்ந்ததற்கான விலையைச் சராசரியை எட்டாதவர்களே செலுத்த நேர்கிறது.

இந்தியாவில் முதலாளிகள் இதைவிட வெளிப்படையாகப் பேசுகிறார்கள். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் நாராயண மூர்த்தி சொன்னார். 90 மணி நேரம் என்று எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் பேசியது 2025 தொடக்கத்தில் வெளிவந்தது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. ஒரு மனிதரின் வாழ்நாளைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. சாவைத் தள்ளிப்போடுவது ஒன்று. அவருடைய நாளில் அவருக்குரிய மணிகளைக் கூட்டுவது மற்றொன்று. இரண்டாவதற்கு எந்த ஆய்வகமும் தேவையில்லை. வேலைநாளைக் குறைப்பதே மனித விடுதலைக்கு அடிப்படை முன்நிபந்தனை என்று மார்க்ஸ் கருதியது இதனால்தான். வாரம் 90 மணி நேரம் உழைத்து 150 ஆண்டுகள் வாழ்வது எவருக்கும் வரமாகாது.

நீண்ட ஆயுளால் பூமி நிரம்பி வழியும், முதியவர்கள் இளைஞருக்கு வழிவிட வேண்டும் என்பாரும் உண்டு. முதல் பகுதி மால்தஸின் பழைய பல்லவி. ஏழைகள் அதிகமாக வாழ்கிறார்கள் என்பதே அதன் உள்ளுறை. இரண்டாவதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் வாழ்வதும் பதவியில் நீடிப்பதும் ஒன்றல்ல. இடதுசாரிக் கட்சிகள் தம் தலைமைக் குழுக்களுக்கு 75 வயது வரம்பு விதித்திருப்பது, தோழர்கள் 75 வயதோடு முடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அல்லவே! இடம் காலியாக வேண்டும் என்பதற்காக மனிதர் சாக வேண்டியதில்லை. இடத்தை விட்டு எழுந்தால் போதும். சொத்துக்கும் இது பொருந்தும். மூலதனம் ஏற்கெனவே சாகாவரம் பெற்றதுதான். கூட்டுப் பங்கு நிறுவனத்துக்கு மூப்பில்லை. அறக்கட்டளைகளுக்கும் வாரிசுரிமைக்கும் சாவில்லை. இந்தியாவில் சொத்துரிமை வரி 1985இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தம் சொத்து தமக்குப் பின்னும் கைமாறாமல் இருக்க வழி செய்துகொண்டவர்கள், இப்போது தாமே கைமாறாமல் இருக்க வழி தேடுகிறார்கள்.

ஆயுள் முன்னோக்கி மட்டுமே செல்லும் என்றும் எவரும் எண்ணிவிட வேண்டாம். சோவியத் ஒன்றியம் சிதைந்த பின், மருத்துவமும் வேலையும் ஓய்வூதியமும் சந்தையின் வாயில் விடப்பட்ட ரஷ்யாவில், ஆண்களின் சராசரி ஆயுள் 1980களின் நடுவில் இருந்த சுமார் 65இலிருந்து 1994இல் 58க்கும் கீழே போனது. போரோ கொள்ளைநோயோ இல்லாத காலத்தில், தொழில்வளம் மிக்க ஒரு நாட்டில் நடந்தது இது.

முதுமையை வெல்வது பற்றிய பேச்சு இந்தியாவின் மாளிகைகளில் நடந்துகொண்டிருக்கும்போது, முதுமையை அடைந்துவிட்டவர்களின் நிலை என்ன? ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2050இல் இந்தியர்களில் ஐந்தில் ஒருவர் 60 வயதைக் கடந்திருப்பார். இன்றோ முதியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலத்திலும் கூலி வேலையிலும் இருக்கிறார்கள். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அதை 7,500 ரூபாயாக உயர்த்தக் கோரி ஓய்வூதியர்கள் தில்லிக்கும் தம் ஊருக்கும் அலைந்துகொண்டிருக்கிறார்கள். அந்த நிதியோடு தொடர்பே இல்லாத, வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழும் சுமார் 2.2 கோடி முதியவர்களுக்கு இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு அதில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 80 வயதை எட்டிவிட்டால் 500 ரூபாய். சில மாநில அரசுகள் தம் பணத்தைச் சேர்த்துக் கூடுதலாகத் தருகின்றன. ஒன்றிய அரசின் அந்த 200 ரூபாய், 2007க்குப் பிறகு இன்றுவரை ஒரு ரூபாய்கூட உயரவில்லை.